பள்ளத்திலா, தலைமேலா?

அங்காரா
11 நவம்பர் 1996

அன்புள்ள கெனானுக்கு,

கட்டாய ராணுவ சேவைக்கு நீ முகாம் போய்ச் சேர்ந்த செய்தியை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுத உங்கள் ராணுவத்தில் தாள் இல்லையா? ஒற்றைத் தொலைபேசிக்கு வரிசையில் நின்று இரண்டு நிமிடம் கத்துவதைவிடக் கடிதம் எவ்வளவோ மேல் என்று நீதானே சொன்னாய்? சொன்னவர் எழுத வேண்டாமா?

இங்கே அனைவரும் நலம். நீ நான்கு வருடமாகத் திருகு திருகாகச் சேர்த்துக் கட்டிய நுண்ணோக்கியும் நலம். வெள்ளித் துண்டை மாற்ற அதன் வெற்றிடக் கலத்தைத் திறந்தோம். மூடிய பிறகு, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரமெல்லாம் போக வேண்டுமே, அலுமினியத் தாளைக் கலத்தின் உடம்பு முழுக்கச் சுற்றிச் சுட வைத்திருக்கிறோம். தாள் வாங்கப் போனால் மூலைக் கடைக்காரர் கேலி செய்கிறார்: "இருக்கிற ஃபாயில் எல்லாத்தையும் நீங்களே அள்ளிக்கிட்டுப் போனா, ஊர்ல எவனும் மீன் சுட வேணாமா அம்மா?"

அத்தை வியாழக்கிழமை ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். பாலாடைக்கட்டி வைத்த பொரெக் ஒரு தட்டு. நம் பேராசிரியர் மூனிர் சார் இரண்டு கையாலும் சாப்பிட்டார். அத்தை உன் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, "என் பிள்ளை கட்டினதா இது? இப்படிப் பளபளன்னு இருந்தா எவன் கண்ணாவது பட்டுடும்" என்று கைப்பையிலிருந்து நீலத் திருஷ்டி மணியை எடுத்துக் கலத்தின் கழுத்தில் கட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். மாமியார் கட்டியதை அவிழ்க்க எனக்கென்ன தைரியம்?

பஸ் நகரும்போதுகூட ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. "வெள்ளி மேல மக்னீசியம் ஆக்சைடை ஒத்தை அடுக்கா பரப்பு! ஆக்ஸிஜன் பள்ளத்துலதான் உக்காந்திருக்கும், பாத்துக்கோ! தீசிஸ்ல மூணாவது அத்தியாயம் எழுதியே வெச்சுட்டேன், படம் மட்டும்தான் பாக்கி!" பக்கத்தில் நின்ற பெண்மணி, பாவம், உனக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்றே நினைத்திருப்பார்.

படத்தை நான் எடுக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன்
பெர்ரின்

சாரிகாமிஷ்
27 நவம்பர் 1996

என் பிரியமான பெர்ரினுக்கு,

திட்டு கிடைத்தது. வயிறு நிறைந்தது. வேறெதுவும் நிறைக்கவில்லை, இங்கே அவரைக்கொட்டைக் குழம்பு, மறுநாள் புல்கூர் கோதுமைச் சோறு, அதற்கு மறுநாள் இரண்டும். பனி முழங்காலுக்கு மேல். எனக்குக் கொடுத்த பூட்ஸ் வேறு எவனோ ராட்சசனுக்குத் தைத்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வருகிற கடிதங்களையெல்லாம் கேப்டன் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுக்கிறார். அதனால் கொஞ்சல் கிஞ்சல் எல்லாம் கொஞ்சம் அடக்கி வாசி. உன் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தண்டனைதான் என்று போனேன். "ஏம்ப்பா, இந்தப் பள்ளம்னு எழுதியிருக்காங்களே, அது என்ன பள்ளம்?" என்றார். விளக்கினேன். அப்போது என் பக்கத்தில் துர்முஷ் சார்ஜென்ட்டும் இருந்தார். அவருக்குப் புரியவில்லை. அடுத்த நாள் சமையற்கட்டு வேலை எனக்கு. உருளைக்கிழங்கைத் தட்டில் வரிசையாக அடுக்கி, "இது வெள்ளி" என்றேன். மேலே ஒரு கொண்டைக்கடலையை வைத்து, "இது ஆக்ஸிஜன்" என்றேன். கடலை உருண்டு நான்கு கிழங்குக்கு நடுவில் விழுந்தது. சார்ஜென்ட் முகம் மலர்ந்துவிட்டது. "அட, பள்ளத்துலதான்யா நிக்கும்! தலைமேல வெச்சா உருண்டுடாதா? இதுக்கா வாத்தியாரே நாலு வருஷம்?"

அன்றிலிருந்து என் பெயர் வாத்தியார். கூடாரத்தில் எல்லோரும் பள்ளக் கட்சி. உன் படத்துக்காக நான் மட்டுமல்ல, ஒரு படைப்பிரிவே காத்திருக்கிறது. அவர்கள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்று.

உன்
கெனான்

அங்காரா
20 டிசம்பர் 1996

அன்புள்ள கெனானுக்கு (கேப்டன் அவர்களுக்கும் வணக்கம்),

உருளைக்கிழங்கில் பௌதிகம் நடத்தும் ஆளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை நம்பும் ராணுவத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மூன்று வாரமாக இங்கே பைத்தியம் பிடித்த கதை. வெள்ளித் தளத்தின் மேல் நுண்ணோக்கியின் ஊசியை இறக்கி ஓட்டினால் அணு வரிசைகள் அழகாகத் தெரிகின்றன. திடீரென்று படத்தில் ஒரு கீறல். மறுபடி கொஞ்ச நேரம் நன்றாக வரும், மறுபடி கீறல். பம்பை நிறுத்திப் பார்த்தேன். லிஃப்டை நிறுத்தச் சொன்னேன். நான்காம் மாடிக்காரர்கள் படியேறிக்கொண்டே சாபம் விட்டார்கள். பூமிக் கம்பிகளைக் கழற்றி மாட்டினேன். மூனிர் சார் ஊசியை மாற்று என்றார், மாற்றினேன். உன் வேலைப்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று உன்னைத் திட்டவும் செய்தேன், மறைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை கையில் டீயோடு மெஷினுக்கு எதிரே வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலடி ஹீட்டரிலிருந்து வெப்பக் காற்று வீசுகிறது. உன் அம்மாவின் திருஷ்டி மணி மெல்ல ஆடுகிறது. ஆடி ஆடி, எஃகுச் சுவரில் 'டிக்'. திரையில் கீறல். 'டிக்'. கீறல்.

சிரிப்பு வந்து டீயைக் கொட்டிக்கொண்டேன். மூனிர் சார் ஓடிவந்தார். "கண்ணு படக் கூடாதுன்னு கட்டினது, கண்ணையே குத்துதே அம்மா!" என்று தலையில் கை வைத்தார். மணியைக் கழற்றிக் கதவில் மாட்டியிருக்கிறேன். அத்தையிடம் "உள்ளே வருகிறவர்கள் கண்தானே படும், அதனால் வாசலில்" என்று சமாளித்தேன். "அப்போ மெஷினை யார் பார்த்துக்குவா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சமாதானம் செய்ய நீ ஒரு கடிதம் போடு, தயவுசெய்து.

இனி ஆக்சைடு வளர்க்கப் போகிறேன்.

உன்
பெர்ரின்

அங்காரா
9 பிப்ரவரி 1997

அன்புள்ள கெனான்,

உட்கார்ந்துகொண்டு படி.

பார்த்துவிட்டேன். நீயும் நானும் கல்யாணத்துக்கு முன்பிருந்து பார்க்கத் துடித்ததை நேற்று மத்தியானம் பார்த்துவிட்டேன். வெள்ளித் தளம். அதன் மேல் சின்னத் தீவாக ஆக்சைடு. தீவின் கரையில் ஒரு பக்கம் வெள்ளி அணுக்கள், மறுபக்கம் ஆக்சைடின் புள்ளிகள், இரண்டும் ஒரே படத்தில்! நான் போட்ட கூச்சலில் எதிர் அறை வேதியியல்காரர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூனிர் சார் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அப்போது நினைத்தேன்: இந்த நேரத்தில் நீ இங்கே இல்லாமல் போனாயே. நீ கட்டியதால்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பெருமையாக இருந்தது, அவ்வளவு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

இப்போது விஷயம். வெள்ளி வரிசைகளின் மேல் அளவுகோலை வைத்துத் தீவுக்குள் நீட்டினேன். ஆக்சைடின் பிரகாசமான புள்ளிகள் பள்ளத்தில் விழவில்லை. சரியாக வெள்ளி அணுக்களின் தலைமேல் விழுகின்றன. ஐந்து தீவுகளில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான்.

படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நீயே அளந்து பார். மூனிர் சார் கட்டுரை எழுதலாம் என்கிறார். "முதல்ல கெனான் என்ன சொல்றான்னு கேளு" என்றும் சொன்னார். கேட்கிறேன்.

உன்
பெர்ரின்

சாரிகாமிஷ்
22 பிப்ரவரி 1997

பெர்ரினுக்கு,

படம் அருமை. சந்தேகமே இல்லை.

ஆனால் நீ பார்த்தது ஆக்ஸிஜன் என்று யார் சொன்னார்கள்? ஆக்சைடில் இரண்டு வகை அணு இருக்கிறது. ஊசி ஒன்றைத்தான் பிரகாசமாகக் காட்டும், மற்றது இருட்டில் கிடக்கும். வெள்ளியின் தலைமேல் உட்கார்ந்திருப்பது மக்னீசியம். அப்படியென்றால் ஆக்ஸிஜன் எங்கே? நான் சொன்ன இடத்தில், பள்ளத்தில். இரண்டாம் வருட மாணவனுக்குக்கூடத் தோன்றியிருக்கும். உனக்குத் தோன்றவில்லை.

நான்கு வருடம் ராப்பகலாகக் கட்டிய மெஷினை நான்கு மாதம் ஓட்டிவிட்டு, என் அத்தியாயத்தையே புரட்டிப் போடுகிறாய். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். இந்தப் பனிக்காட்டில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்பவனுக்கு எதிர்வாதம் செய்ய ஆய்வகமா இருக்கிறது?

கட்டுரையை அனுப்ப வேண்டாம்.

கெனான்

அங்காரா
3 மார்ச் 1997

கெனானுக்கு,

அந்தப் புள்ளிகள் ஆக்ஸிஜன் என்று நான் எழுதவே இல்லை. என் கடிதத்தை மறுபடி படி. 'பிரகாசமான புள்ளிகள்' என்றுதான் எழுதினேன். இரண்டாம் வருட மாணவனுக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியது. அதை நீயே சொல்லட்டும் என்று விட்டுவைத்தேன், உனக்கு மரியாதை கொடுத்து. புத்தியில்லாமல் போனது அந்த மரியாதைதான்.

உன் மெஷின் என்கிறாய். மூன்று வாரம் பம்பும் லிஃப்டும் பூமிக் கம்பியும் பார்த்தது யார்? தைப்பதற்கு உன் சட்டைகளோடு இந்த மெஷினையும் என்னிடம் விட்டுப் போனாய் என்று நினைத்தாயா?

நீ ஜெயிக்க வேண்டும் என்று உன்னைவிட அதிகம் ஆசைப்பட்டவள் நான். உண்மையைச் சொன்னால், அளவுகோலை வைத்தபோது என் கை கூசியது. இருந்தாலும் வைத்தேன். நாளைக்கு உன் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்றால் வைக்கத்தான் வேண்டும்.

கோடையில் நடக்கும் மாநாட்டில் வெளிநாட்டுக் குழு ஒன்று இதே வெள்ளி, இதே ஆக்சைடு பற்றிப் பேசப் போகிறதாம். மூனிர் சார் அவசரப்படுகிறார். உன் பதில் வராமல் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது உன் கோபத்துக்குப் பயந்து அல்ல. உன் பெயர் இல்லாமல் அந்தப் படம் வெளியே போகக் கூடாது. உன் பெயரோடு பொய்யும் போகக் கூடாது. அவ்வளவுதான்.

பெர்ரின்

சாரிகாமிஷ்
15 மார்ச் 1997

என் பெர்ரினுக்கு,

உன் கடிதத்தை என்னிடம் நீட்டும்போது கேப்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "படிச்சிட்டேன்ப்பா. நான் படிக்காம இருந்திருக்கலாம்" என்றார். வெட்கத்தில் காது சுட்டது. பதில் எழுதத் தாளை எடுத்துவிட்டு நான்கு நாள் ஒன்றும் எழுதவில்லை.

காவல் மேடையில் நிற்கும்போது வேறு வேலை என்ன? அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்தது மக்னீசியமா, ஆக்ஸிஜனா? கோபத்தில் 'மக்னீசியம்' என்று எழுதிவிட்டேன். எனக்கென்ன தெரியும்? எனக்கு வேண்டும், அதனால் மக்னீசியம். அது பௌதிகம் அல்ல, பிடிவாதம்.

முந்தாநாள் பகல் காவலில் ஒரு வழி பிடிபட்டது. கலத்தின் வலப்பக்க ஜன்னலுக்குக் கீழே எலக்ட்ரான் துப்பாக்கி இருக்கிறதல்லவா, வளர்ந்த அடுக்கைச் சோதிக்க நாம் வைத்தது? அதன் வேகத்தைக் கூட்டி ஆக்சைடு மேல் கொஞ்ச நேரம் அடி. அப்படி அடித்தால் ஆக்ஸிஜன்தான் கழன்று ஓடும். மக்னீசியம் நகராது. அடித்த பிறகு அதே கரையில் படம் எடு. பிரகாசமான புள்ளிகள் அப்படியே நின்று, இருட்டான இடங்களில் மாற்றம் வந்தால் அவை மக்னீசியம், நான் சொன்னது சரி. பிரகாசமான புள்ளிகளில் அங்கங்கே ஓட்டை விழுந்திருந்தால், ஓடிப்போனது அதுதான். அது ஆக்ஸிஜன். அது வெள்ளியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. நான் தோற்றேன்.

மூன்றாம் அத்தியாயம் என் தீசிஸின் முதுகெலும்பு, உனக்குத் தெரியும். ஆனாலும் அடி. என்னை மனத்தில் வைத்துக்கொண்டு அடிக்காதே. எவனோ ஒருவனுடைய ஆக்சைடு என்று நினைத்து அடி.

எனக்காகக் கை கூசியது என்று எழுதினாயே. அதை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் கேப்டன் சிரிப்பார்.

உன்
கெனான்

அங்காரா
6 ஏப்ரல் 1997

என் கெனானுக்கு,

அடித்தேன். நீ சொன்ன மாதிரியே, எவனோ ஒருவனுடைய ஆக்சைடு என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. உன்னுடையது என்று நினைத்தே அடித்தேன்.

முதல் தடவை அதிகமாக அடித்துவிட்டேன், தீவே கந்தலாகிவிட்டது. புதிதாக வளர்த்து, மெல்ல அடித்து, படம் எடுத்தேன். ஓட்டைகள் விழுந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பிரகாசமான புள்ளி இருந்த இடத்தில். இருட்டான இடம் ஒன்றுகூட அசையவில்லை. ஒருமுறை வந்தது தற்செயலாக இருக்கலாம் என்று, இன்னொரு வெள்ளித் துண்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அதேதான்.

ஆக்ஸிஜன் வெள்ளியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது, கெனான். உருண்டு விழவில்லை. வெள்ளி அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

மூனிர் சார் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சோதனை யாரோட யோசனை?" என்று கேட்டார். "தோற்கப் போகிறவருடையது" என்றேன். பிறகு, "இப்படி ஒரு மாணவன் எனக்கு இருக்கான்னு நான் வெளிய சொல்லிக்கலாமா?" என்றார். நான் அழுதுவிட்டேன். எனக்கு உன்மேல் அவ்வளவு பெருமை. இதற்குமேல் எழுதினால் கேப்டன் தர்மசங்கடப்படுவார்.

கட்டுரை தயார், இதனுடன் வைத்திருக்கிறேன். உன் பெயர் முதலில். மெஷின் உன்னுடையது, தீர்ப்புச் சொன்ன சோதனையும் உன்னுடையது. என் பெயர் இரண்டாவது, சார் மூன்றாவது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. நீ போட்டால்தான் போகும்.

உன்
பெர்ரின்

சாரிகாமிஷ்
18 ஏப்ரல் 1997

என் பெர்ரின்,

நேற்று காலையில் கண் விழித்ததிலிருந்து என்னவோ சரியில்லை. என் பூட்ஸை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். குழம்பில் எனக்கு மட்டும் நான்கு துண்டு கறி. துர்முஷ் சார்ஜென்ட் காவல் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, "இன்னிக்கு நீ ரெஸ்ட் எடு வாத்தியாரே" என்று தோளைத் தட்டினார். எவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கேப்டன் கூப்பிட்டார். ஓடினேன். எழுந்து நின்று தன் கையாலேயே உன் கடிதத்தைக் கொடுத்தார். "உக்காரு. உக்காந்து படி. மனசைத் தேத்திக்கோ" என்றார். உட்கார்ந்து பிரித்தேன். 'அடித்தேன்' என்ற முதல் சொல்லைப் பார்த்ததும் விஷயம் இதுதான் என்று புரிந்துவிட்டது. அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஏம்ப்பா சிரிக்கிறே? நாலு வருஷ உழைப்புன்னாங்களே!"

"சார், எங்கம்மா நல்லா இருக்காங்க சார்!"

கூடாரத்துக்குத் திரும்பினால், எல்லோரும் சாவு வீட்டில் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். சார்ஜென்ட் மெதுவாகக் கேட்டார்: "அப்போ தோத்துட்டியா வாத்தியாரே?"

"ஆமா சார்ஜென்ட். நல்லாவே தோத்துட்டேன்."

"யார்கிட்டய்யா?"

"என் பொண்டாட்டிகிட்ட."

சார்ஜென்ட் எழுந்து நின்று, "டேய், டீ போடுங்கடா! வாத்தியார் வீட்டுக்காரம்மா ஜெயிச்சிருக்காங்க!" என்று ஒரு கத்து கத்தினார். அவ்வளவுதான், கூடாரமே அதிர்ந்தது. நேற்றுவரை பள்ளக் கட்சியில் இருந்த பயல்கள் எல்லாம் ஒரே நாளில் உன் கட்சிக்குத் தாவிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தனியாகப் போய்க் கொஞ்சம் அழவும் செய்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? தோற்றதற்காக அல்ல. நான் காண ஆசைப்பட்டது இருந்தது, தெரிந்தது, அதைக் கண்டவள் நீ. எனக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

கையெழுத்துப் போட்ட பக்கம் இதனுடன் இருக்கிறது. பெயர் வரிசையைப் பேனாவால் அடித்து மாற்றியிருக்கிறேன். சாட்சியாகக் கேப்டனும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. மெஷினைக் கட்டியது நான்தான், சோதனையைச் சொன்னதும் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவுகோலை வைத்தது யார்? கட்டியவன் தோற்கலாம் என்று தெரிந்தும் வைத்தவள் நீ. முதல் பெயர் உன்னுடையதுதான். இதில் என்னோடு சண்டை போடாதே. வரிசையை மறுபடி மாற்றினால் நான் இன்னொரு கையெழுத்துப் போட மாட்டேன், பிறகு கட்டுரை சாரிகாமிஷ் பனியிலேயே கிடக்கும்.

மூன்றாம் அத்தியாயத்தை என் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டுவிடு. திரும்பி வந்து புதிதாக எழுதுவேன். அதன் முதல் வரியிலேயே சான்று காட்ட வேண்டியிருக்கும். பழகிக்கொள்வதற்காக இன்று காலை எழுதியும் பார்த்தேன்: 'ஆக்ஸிஜன் வெள்ளி அணுவின் தலைமேல் அமர்கிறது என்பதை பெர்ரின் முதலானோர் காட்டியுள்ளனர்.'

அந்த முதலானோரில் ஒருவன்,
கெனான்